மூன்றரைச் சுற்று

பனித்தளத்தில் சறுக்கியாடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் பெரிய பெயரான மாவோ அசாதாவிடம் ஒலிம்பிக் தங்கம் கிடையாது. அவரைப் பற்றி யாரிடம் பேச்சை எடுத்தாலும் சுற்றிவளைத்து இங்கேதான் வந்து நிற்கிறது. மூன்று முறை உலக சாம்பியன், வருடாவருடம் நடக்கும் கிராண்ட் பிரி போட்டித் தொடரின் இறுதியில் நான்கு முறை முதலிடம், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி. இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும், "பாவம், அந்தத் தங்கம் மட்டும் கிடைத்திருந்தால்..." என்று ஒரு பெருமூச்சு வரும். எனக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு வீடியோவில். ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. நீல உடையில் ஒரு பெண் நான்கு நிமிடம் பனித்தளத்தில் சுழன்று, தாவி, இசை நின்றதும் தலையை மேலே தூக்கினார். முகம் அப்படியே கோணிக்கொண்டு அழுகை வந்தது. இரண்டொரு நொடிதான். அப்புறம் சிரித்துக்கொண்டே நாலாப்பக்கமும் குனிந்து வணங்கினார். அரங்கமே எழுந்து நின்றது. அவர் தங்கம் வென்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கீழே எழுதியிருந்ததைப் படித்தால், ஆறாவது இடம். ஆறாவது இடத்துக்கு யாராவது இப்படி அழுவார்களா, இப்படிக் கைதட்டுவார்களா? அந்தக் கேள்வியோடு பின்னோக்கித் தேட ஆரம்பித்தவன்தான், இன்றுவரை நிறுத்தவில்லை.

மாவோ 1990 செப்டம்பர் 25 அன்று ஜப்பானின் நகோயாவில் பிறந்தவர். அக்கா மாயும் ஸ்கேட்டர். இருவரும் முதலில் பாலே கற்றார்கள்; மாவோ ஐந்து வயதில் பனித்தளத்துக்கு வந்துவிட்டார். நகோயாவில் ஸ்கேட்டிங் கற்ற ஒரு சிறுமிக்கு மிதோரி இதோ என்ற பெயர் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. 1988-இல் போட்டி ஒன்றில் டிரிபிள் ஆக்சல் தாவிய முதல் பெண் அவர்தான். 1989-இல் உலக சாம்பியன், 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி. அவரை உருவாக்கிய மச்சிகோ யமாதாதான் மாவோவுக்கும் பயிற்சியாளர். அந்தத் தாவலை ஒரு பெண் தாவ முடியும் என்பது அந்த ஊரில் கண்ணால் பார்த்த சங்கதி. சிறுமி மாவோ அதை ஆசைப்பட்டது இயல்புதான்.

டிரிபிள் ஆக்சல் என்றால் என்ன என்று கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டரின் காலணிக்கு அடியில் இருக்கும் பிளேடு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பக்கம் நீளவாக்கில் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரே பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் நின்று, எப்படிக் கிளம்புகிறோம் என்பதை வைத்துத்தான் தாவல்களைப் பிரித்துச் சொல்வார்கள். டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ் ஆகிய ஐந்தும் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கிளம்பும் தாவல்கள். ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்புவது. இறங்குவது எல்லாவற்றையும்போலப் பின்னோக்கித்தான். ஆக, அரைச் சுற்று கூடுதல். மூன்று சுற்று என்று சொல்வது உண்மையில் மூன்றரை. காற்றில் இருக்கும் நேரமோ முக்கால் நொடிகூடக் கிடையாது.

மாவோவின் ஆக்சலை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பின்பக்கமாகச் சறுக்கி வருகிறார். சட்டென்று முன்னால் திரும்பி இடது காலை வைக்கிறார். முழங்கால் ஆழமாக மடங்குகிறது. கைகள் இரண்டும் பின்னால் போய், வலது தொடையோடு சேர்ந்து முன்னால் வீசுகின்றன. அந்த ஒரு கணம், எதிரே இருக்கும் வெட்டவெளியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் அவர் தன்னைத் தூக்கி எறிகிறார். மற்றத் தாவல்களில் இது கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றில் ஒரு பிசைவு.

2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப்போட்டியில் 15 வயது மாவோ, அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லுட்ஸ்காயாவைத் தோற்கடித்தார். அடுத்த இரண்டே மாதத்தில் டூரின் ஒலிம்பிக். ஆனால் அவர் போக முடியாது. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஜூலை 1-க்குள் 15 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மாவோவுக்கு 87 நாள் குறைந்தது. டூரினில் தங்கம் வென்றது இன்னொரு ஜப்பானியர், ஷிசுகா அரகாவா. மாவோ போயிருந்தால் வென்றிருப்பாரா என்று விவாதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. விதி எல்லோருக்கும் பொது.

கதையில் இன்னொருவர் இருக்கிறார். தென்கொரியாவின் கிம் யூனா. மாவோ பிறப்பதற்கு 20 நாள் முன்பு பிறந்தவர். 2005 ஜூனியர் உலகப் போட்டியில் மாவோ முதலிடம், யூனா இரண்டாமிடம். 2006-இல் அப்படியே தலைகீழ். அதன்பின் எட்டு வருடம் ஒருவர் பெயரை எழுதினால் மற்றவர் பெயரையும் எழுத வேண்டும் என்றாகிவிட்டது. இரு நாட்டு ரசிகர்களும் இவர்களை வைத்துப் போட்ட சண்டையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நான் மாவோவின் ரசிகன்தான், ஆனாலும் வான்கூவரில் யூனா ஆடியது போல ஒரு ஆட்டத்தை ஒலிம்பிக் மேடையில் அதற்கு முன்பு யாரும் ஆடியதில்லை என்றே நினைக்கிறேன். அதை ஒப்புக்கொள்வதால் மாவோவுக்கு எதுவும் குறைந்துவிடாது.

வான்கூவரின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போட்டிக்கு இரண்டு பகுதி: முதலில் ஷார்ட் புரோகிராம் என்ற சிறிய ஆட்டம், பிறகு ஃப்ரீ என்ற நீண்ட ஆட்டம். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. அப்போதைய புள்ளிப் பட்டியலில் டிரிபிள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 8.2. மாவோ ஷார்ட் புரோகிராமில் அதோடு ஒரு டபுள் டோ லூப்பைச் சேர்த்துத் தாவினார், 1.3. ஆக 9.5. யூனா தாவியது டிரிபிள் லட்ஸ், டிரிபிள் டோ லூப், 6.0, 4.0, கூட்டினால் 10.0. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே தாவிய ஒன்றைத் தாவியும் அரைப் புள்ளி பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. இதில் ஆபத்து வேறு. சுற்று கொஞ்சம் குறைந்துவிட்டது என்று தொழில்நுட்பக் குழு முடிவு செய்தால், அன்றைய விதிப்படி அது டபுள் ஆக்சலாகவே கணக்கில் ஏறும். 8.2 இருந்த இடத்தில் 3.5. அறிவாளியான எந்தக் கணக்குப்பிள்ளையும் "அம்மா, இதை விட்டுவிடு" என்றுதான் சொல்லியிருப்பார்.

மாவோ விடவில்லை. வான்கூவரில் ஷார்ட்டில் ஒன்று, ஃப்ரீயில் இரண்டு, மொத்தம் மூன்று டிரிபிள் ஆக்சல்களைத் தாவி இறங்கினார். ஒரே போட்டியில் மூன்று தாவிய முதல் பெண் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது. ஆனால் ஃப்ரீயின் பின்பாதியில், ரஷ்ய இசையமைப்பாளர் ராஹ்மானினோவின் கனத்த மணியோசை இசைக்கு நடுவே, பிளேடு பனியில் மாட்டியது; டிரிபிள் டோ லூப் ஒற்றைச் சுற்றாகப் போனது. மொத்தம் 205.50. யூனா 228.56. போட்டி முடிந்ததும் கண்ணீரோடு பேட்டி கொடுத்த மாவோ, நீண்டதா குறுகியதா என்று தெரியாமலே எல்லாம் நொடியில் முடிந்துவிட்டது என்ற பொருளில் ஏதோ சொன்னார். வெள்ளிப் பதக்கம் கழுத்தில் தொங்கியது. ஒரு மாதத்தில் அதே டூரினில், நான்கு வருடம் முன்பு வயது போதாமல் போக முடியாத ஊரில், யூனாவை முந்தி இரண்டாவது முறை உலக சாம்பியன் ஆனார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆரம்பிக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இருபது வயதுகூட நிறையாத, இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஒருவர், தன் எல்லாத் தாவல்களையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து கற்றுக்கொள்ள முடிவெடுத்தார். 2010 செப்டம்பரில் நொபுவோ சாதோவிடம் போய்ச் சேர்ந்தார். சாதோ பத்து முறை ஜப்பான் சாம்பியனாக இருந்தவர். அவர் மகள் யூகா 1994-இல் உலக சாம்பியன். சாதோவுக்குத் தாவலைவிடச் சறுக்கல் முக்கியம். விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும், வேகம் இயல்பாக வர வேண்டும், அந்த ஓட்டத்திலிருந்தே தாவல் கிளம்ப வேண்டும். மாவோவுக்கு அங்கேதான் பழைய கோளாறு. லட்ஸில் வெளிவிளிம்பிலிருந்து கிளம்ப வேண்டிய கால் கடைசிக் கணத்தில் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். சிறுவயதிலிருந்து படிந்த பழக்கம்.

நான் சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் கழித்துப் புது ஆசிரியரிடம் போனபோது, என் வலதுகை விரல் மீட்டும் கோணமே தவறு என்றார். திருத்தப் போனால் பழையபடியும் வரவில்லை, புதியபடியும் வரவில்லை. சரளி வரிசைகூடத் தடுமாறியது. ஆறு மாதம் அப்படியே கிடந்தேன், பிறகு வீணையையே விட்டுவிட்டேன். என்னைக் கேட்க ஆளில்லை, எந்தச் சபையும் காத்திருக்கவில்லை. மாவோவுக்கு ஒரு நாடே காத்திருந்தது. கேமராக்கள் முன்னால், தொலைக்காட்சி நேரலையில் அவர் தடுமாற வேண்டியிருந்தது. அந்த சீசனில் ஜப்பானில் நடந்த என்எச்கே கோப்பையில் எட்டாவது இடம். அதற்கு முன்பு எந்தப் பெரிய போட்டியிலும் அவர் அவ்வளவு கீழே போனதில்லை. பாரிஸில் ஐந்தாவது. 2011 உலகப் போட்டியில் ஆறாவது. முடிந்துவிட்டது மாவோவின் காலம் என்று எழுதினார்கள். அவரோ காலையில் எழுந்து, விளிம்பு பிடிக்கும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

2011 டிசம்பரில், கனடாவின் கியூபெக் நகரில் கிராண்ட் பிரி இறுதிப்போட்டிக்கு வந்திறங்கியவருக்கு அம்மாவின் உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தது. போட்டியை விட்டுவிட்டு உடனே திரும்பினார். டிசம்பர் 9 அன்று அம்மா கியோகோ இறந்துபோனார். கல்லீரல் நோய், வயது 48. மாவோ போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பிள்ளைகளுக்காகவே தன்னைச் செலவழித்த தாய் அவர். இரண்டு வாரம் கழித்து ஜப்பான் தேசியப் போட்டியில் மாவோ ஆடினார். வென்றார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாதோவிடம் கற்றது மெல்ல மெல்ல உடம்பில் ஏறியது. டிரிபிள் ஆக்சலைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்தார். அது இல்லாமலே 2012 டிசம்பரில் கிராண்ட் பிரி இறுதிப்போட்டியை வென்றார். நடந்த இடம் ரஷ்யாவின் சோச்சியில், அடுத்த ஒலிம்பிக் ஸ்கேட்டிங்குக்கான ஐஸ்பெர்க் அரங்கம். 2013 பிப்ரவரியில் ஆக்சலைத் திரும்பக் கொண்டுவந்தார். 2013 டிசம்பரில் மறுபடி இறுதிப்போட்டித் தங்கம். எல்லாம் கூடி வந்துவிட்டது, இனி சோச்சி ஒலிம்பிக் மட்டும்தான் பாக்கி.

2014 பிப்ரவரி 19. ஷார்ட் புரோகிராமில் முப்பது பேர். மாவோவுக்குக் கடைசி எண். ஷோப்பானின் நாக்டர்ன், பதினாறு வயதில் ஆடிய அதே இசை. முதல் தாவல் டிரிபிள் ஆக்சல், விழுந்தார். அடுத்து ஃபிளிப், சுற்று குறைந்தது. கடைசியில் தாவ வேண்டிய இரட்டைத் தொடரின் முதல் தாவலே மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டாகப் போக, தொடர் வரவே இல்லை. ஷார்ட்டில் மூன்று தாவல் இடம்தான் உண்டு. மூன்றும் போயிற்று. 55.51. பதினாறாவது இடம். பேட்டி எடுத்தவர்களிடம் தனக்கே ஒன்றும் புரியவில்லை என்றார். அந்த முகத்தில் அழுகைகூட இல்லை, வெறுமையாக இருந்தது.

மறுநாள் ஜப்பானில், முன்னாள் பிரதமர் யோஷிரோ மோரி ஒரு கூட்டத்தில், முக்கியமான நேரத்தில் இந்தப் பெண் கட்டாயம் விழுந்துவிடுவாள் என்ற ரீதியில் பேசினார். அவர் அப்போது டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் வேறு.

அன்றிரவுதான் ஃப்ரீ. பதினாறாவது இடத்தில் இருப்பவர் இரண்டாவது குழுவில் ஆட வேண்டும். பதக்கத்துக்கு ஆடுபவர்கள் கடைசிக் குழுவில், மணிக்கணக்கில் கழித்து வருவார்கள். ஜப்பானில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த நேரத்திலும் விழித்திருந்தவர்கள் பதக்கத்தை எதிர்பார்த்து விழித்திருக்கவில்லை.

இசை ராஹ்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. வான்கூவரிலும் இதே ராஹ்மானினோவ், இதே ரஷ்யப் பயிற்சியாளர் டட்டியானா டராசோவா அமைத்த ஆட்டம். பியானோவின் கனத்த ஒலிகள் ஒவ்வொன்றாக எழும்ப, மாவோ வேகமெடுத்து வருகிறார். முதல் தாவல், அதேதான். நேற்று விழுந்த அதே டிரிபிள் ஆக்சல். முன்னால் திரும்புகிறார், இடது கால், முழங்கால், வீச்சு. மூன்றரைச் சுற்று. வலது கால் பின்னோக்கிச் சறுக்கி நிற்கிறது.

இறங்கிய பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். கொண்டாட்டம் கிடையாது. கவனம் அடுத்த தாவலுக்குப் போய்விட்டது. ஃபிளிப், உடனே லூப். பிறகு லட்ஸ். டபுள் ஆக்சலோடு டோ லூப். சால்கோ. மறுபடி ஃபிளிப், அதோடு இரண்டு டபுள் லூப். கடைசியாக லூப். எண்ணிப் பார்த்தால் எட்டு டிரிபிள்கள். ஆறு வகைத் தாவலும் அதற்குள் வந்துவிட்டன. சிலவற்றில் சுழற்சி முழுமையில்லை என்று நடுவர் மேசை குறித்தது. லட்ஸின் விளிம்பும் அவர்களுக்குத் திருப்தியில்லை. எனக்கு அதில் புகார் எதுவுமில்லை. நான்கு வருடம் கலைத்துப்போட்டுக் கட்டியது முழுக்க அந்த நான்கு நிமிடத்துக்குள் இருந்தது. தாவல்கள் முடிந்த பிறகு வரும் காலடி வரிசையில், இசை உச்சத்துக்கு ஏற ஏற, விளிம்பு மாறி விளிம்பு மாறி பனித்தளத்தைக் குறுக்காகக் கடந்தாரே, சாதோவிடம் போய்ச் சேர்ந்ததன் பலனை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த நிமிர்ந்த தலை, அழுகை, சிரிப்பு.

142.71. அவருடைய வாழ்நாளின் சிறந்த ஃப்ரீ புள்ளி. அன்றிரவு ஃப்ரீயை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றாமிடம். வெண்கலம் வென்ற கரோலினா கோஸ்ட்னரைவிட 0.10 அதிகம். மொத்தத்தில் ஆறாவது. தங்கம் அடெலினா சோட்னிகோவாவுக்கு, வெள்ளி யூனாவுக்கு. ஊர் திரும்பியதும் பத்திரிகையாளர்கள் மோரியின் பேச்சைப் பற்றிக் கேட்டார்கள். அவர் இப்போது கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார் என்று நினைப்பதாக மாவோ சொன்னார். முகத்தில் துளி கசப்பு இல்லை.

ஒரு மாதம் கழித்து சைதாமாவில் உலக சாம்பியன்ஷிப். அதே நாக்டர்ன், அதே மூன்று தாவல்கள். மூன்றும் நின்றன. 78.66. ஷார்ட் புரோகிராமில் அதுவரை உலக சாதனையாக இருந்தது வான்கூவரில் யூனா எடுத்த 78.50. மூன்றாவது உலகப் பட்டத்தோடு மாவோ ஒரு வருடம் ஓய்வெடுத்தார்.

திரும்பி வந்த பிறகு நடந்தவை சுருக்கம். 2015-இல் சீனக் கோப்பையை வென்றார். அதன்பின் இடது முழங்கால் படுத்தியது. 2016 உலகப் போட்டியில் ஏழாவது, அந்த டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியில் பன்னிரண்டாவது. முழங்கால் அந்த நிலையில் இருந்தும் ஃப்ரீயின் முதல் தாவல் டிரிபிள் ஆக்சல்தான். விழுந்தார். 2017 ஏப்ரல் 10 அன்று ஓய்வு பெறுவதாக எழுதினார். அதற்குப் பின்பு ஜப்பான் முழுக்க, பெரிய அரங்குகள் இல்லாத சிறு ஊர்களுக்கும் போய், நன்றி சொல்லும் பயணமாக ஆட்டம் நடத்தினார். 2024-இல் டோக்கியோவின் தச்சிகாவாவில் மாவோ ரிங்க் என்று ஒரு பனித்தளமே திறந்திருக்கிறார். அங்கே இப்போது எத்தனை சிறுமிகள் காலையில் எழுந்து வந்து முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்பப் பழகுகிறார்களோ.

ஏப்ரல் 12 அன்று நடந்த ஓய்வுப் பேட்டியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். டிரிபிள் ஆக்சலிடம் ஏதாவது சொல்வதானால் என்ன சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். மாவோ சிரித்துவிடுகிறார். கொஞ்சம் யோசித்து, ஏன் என்னை இன்னும் சுலபமாகத் தாவ விடவில்லை என்று கேட்பேன் என்கிறார். பிறகு எல்லோருக்கும் நன்றி சொல்ல எழுந்து நிற்கிறார். பாதியில் குரல் நின்றுவிடுகிறது. சட்டென்று கேமராக்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். தோள் லேசாக அசைகிறது, கை கண்ணுக்குப் போய் வருகிறது. அறை முழுக்க கேமரா சத்தம் மட்டும். சில நொடிதான். மறுபடி முன்னால் திரும்புகிறார், சிரித்தபடி.